33-ஐப் பங்கிட முடியாத வாழை

பூவன் பழம் ஒன்றை வட்டமாக நறுக்கிப் பாருங்கள். நடுவில் மூன்று அறைகள் தெரியும். ஒவ்வொரு அறையிலும் கடுகில் பாதி அளவுக்குக் கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பலர் அதையே வாழை விதை என்று சொல்லிக் குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். அவை விதைகள் அல்ல, விதையாக முடியாமல் காய்ந்துபோன சூல்கள். காட்டு வாழையில் அதே இடத்தில் கல் போன்ற கருப்பு விதைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கடித்தால் பல் போய்விடும், சதை என்று பெயருக்குத்தான் இருக்கும்.

இதற்குப் பாடப்புத்தகம் தரும் காரணம் ஒரே வரி: வாழை மும்மடியம் (செல்லில் குரோமோசோம் தொகுதி மூன்று உள்ளது), ஆகவே மலடு, ஆகவே விதையில்லை. தேர்வுக்கு இது போதும். ஆனால் அந்த வரியில் இரண்டு ‘ஆகவே’ இருக்கின்றன. முதலாவதற்குள் குன்றல் பிரிவு, அதாவது மகரந்தமும் அண்டமும் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு, முழுவதும் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது பாதிதான் சரி.

முதலில் கணக்கு. நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. ஒன்று மூசா அக்யூமினாட்டா, இன்னொன்று மூசா பல்பிசியானா. இரண்டுக்கும் உடல் செல்லில் 22 குரோமோசோம்கள், அதாவது 11 வகை, வகைக்கு இரண்டு. அக்யூமினாட்டாவின் 11 கொண்ட தொகுதியை ஏ என்றும் பல்பிசியானாவினதை பி என்றும் குறிப்பது வழக்கம். ஆய்வாளர்கள் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955-இல் இலைக்காம்பின் பள்ளம், பூமடலின் வடிவம், சூல்களின் வரிசை என்று 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு இந்த வகைப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன்படி செவ்வாழையும் கிராண்ட் நைனும் ஏஏஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி எல்லாம் ஏஏபி. மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. எல்லாவற்றிலும் மூன்று தொகுதிகள், மொத்தம் 33 குரோமோசோம்கள்.

33 ஏன் சிக்கல் என்பது புரிய, 22 எப்படிச் சிக்கலில்லாமல் 11 ஆகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காட்டு வாழையின் மகரந்தத் தாய்செல் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை நகலெடுக்கிறது. இதனால் குரோமோசோம் எண்ணிக்கை 44 ஆகிவிட்டது என்று எழுதுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரைத்தான் எண்ண வேண்டும், அது இன்னமும் 22தான். ஒவ்வொன்றிலும் இப்போது ஒட்டிப்பிறந்த இரண்டு குரோமாட்டிடுகள், அதாவது ஒரே நூலின் இரண்டு நகல்களான சகோதரிகள், இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்ற புரத வளையம். இந்தப் பிடி எப்போது, எந்த இடத்தில் விடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், குன்றல் பிரிவின் மற்ற கட்டங்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். லெப்டோட்டின், சைகோட்டின் என்று பெயர்களை உருப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து ஜோடி சேர வேண்டும். உட்கருவில் சிக்கிக் கிடக்கும் 22 நூல்களில் 1ஆம் எண் குரோமோசோம் இன்னொரு 1ஆம் எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கும்? செல் செய்யும் வேலை துணிச்சலானது. ஸ்போ11 என்ற நொதி டி.என்.ஏ.வை வேண்டுமென்றே பல இடங்களில் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனை தன்னைச் சரிசெய்துகொள்ள, தன் வரிசைக்கு ஒத்த வரிசையைத் தேடிப் போகிறது. தேடல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சகோதரியிடம் முடியாமல் ஒத்திசைவுக் குரோமோசோமிடம் (அதே வகையைச் சேர்ந்த மற்றதிடம்) போய் முடியும்படி செல் பார்த்துக்கொள்கிறது. ஒத்த வரிசை கிடைத்ததும் இரண்டும் பற்கொக்கி போலக் கோத்துக்கொண்டு நீளவாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. வெட்டுகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டுவிடும். சில மட்டும் குறுக்கேற்றமாக முடிந்து, இரு குரோமோசோம்களும் ஒரு துண்டை மாற்றிக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் அந்த இடம் கயாஸ்மா என்ற பெருக்கல் குறியாகத் தெரியும்.

குறுக்கேற்றம் என்றாலே ‘வேறுபாடு உண்டாக்க’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அது உண்மைதான், ஆனால் அந்தச் செல்லுக்கு இப்போதைய தேவை வேறு. கயாஸ்மா இல்லாவிட்டால் ஜோடி கழன்றுவிடும். பற்கொக்கி அவிழ்ந்த பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்க வேறு எதுவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒரு கயாஸ்மா கட்டாயம். ஜோடி கழலாமல் இருந்தால்தான் அடுத்து நடக்கும் வடம் இழுக்கும் போட்டிக்கு அர்த்தம் உண்டு. கதிர்கோல் இழைகள் இரு துருவங்களிலிருந்தும் வந்து குரோமோசோமைப் பிடிக்கின்றன. ஒரு குரோமோசோமின் இரண்டு சகோதரிகளும் ஒரே துருவத்தைப் பார்த்துப் பிடிபடுகின்றன, ஜோடியில் உள்ள மற்றது எதிர்த் துருவத்தைப் பார்த்து. இரு பக்கமும் இழுக்க, நடுவில் கயாஸ்மா விடாமல் பிடிக்க, வடம் விறைக்கிறது. விறைப்பு இருந்தால் பிடி சரி என்று செல் ஏற்றுக்கொள்ளும். தொய்வாக இருந்தால் பிடியை விட்டு மறுபடி முயலும். இங்கே ஒன்றைச் சரிபார்க்க இன்னொன்று எதிர்ப்புறம் இருந்தாக வேண்டும்.

எல்லா ஜோடிகளும் விறைத்ததும் செப்பரேஸ் என்ற நொதி கொஹீசினை வெட்டுகிறது, ஆனால் குரோமோசோமின் கைகளில் உள்ளதை மட்டும். சென்ட்ரோமியர் அருகே உள்ள கொஹீசினை ஷுகோஷின் என்ற புரதம் காவல் காக்கிறது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்குக் காவல் தெய்வம் என்று பொருள். நம்மூர் எல்லைச்சாமி மாதிரி. கைகள் விடுபட்டதால் ஜோடி பிரிகிறது, சென்ட்ரோமியர் பிடி இருப்பதால் சகோதரிகள் ஒன்றாகவே போகிறார்கள். 22 இப்போது 11 + 11. இரண்டாம் பிரிவில் காவல் நீங்கி, மிச்சமிருந்த கொஹீசினும் வெட்டுப்பட்டு, சகோதரிகள் பிரிகிறார்கள். நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் 11, வகைக்கு ஒன்று. மகரந்தப் பக்கத்தில் நான்கும் மகரந்தத் துகள்களாகும். சூல் பக்கத்தில் மூன்று அழிந்து ஒன்று மட்டும் நிலைத்து, மேலும் பிரிந்து, அண்ட செல்லைத் தரும்.

ஆக, குன்றல் பிரிவு எண்ணிக்கையைப் பார்த்துப் பாதியாக்குவதே இல்லை. அதற்கு எண்ணத் தெரியாது. ஜோடியைப் பிரிக்கத்தான் தெரியும். பாதி என்பது அதன் விளைவு.

இப்போது செவ்வாழைக்கு வருவோம். வகைக்கு மூன்று குரோமோசோம்கள். மூன்றும் ஒன்றையொன்று தேடும், மூன்றும் ஒத்தவைதான். ஆனால் எந்த ஒரு புள்ளியிலும் பற்கொக்கி இரண்டை மட்டுமே கோக்கும். ஒரு முனையில் முதலாவதும் இரண்டாவதும், மறு முனையில் இரண்டாவதும் மூன்றாவதும் என்று துணை மாறிக் கோத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்த மும்மை உருவாகும். இல்லையென்றால் இரண்டு ஜோடி சேர்ந்து ஒன்று தனித்து நிற்கும். ஏஏபி ரகங்களில் இரண்டு ஏ-க்கள் சேர்ந்து பி தனியாக நிற்பது எளிது என்று தோன்றும். ஆனால் ஏ-யும் பி-யும்கூட அவ்வப்போது ஜோடி சேர்வதால் அங்கும் ஒரே ஒழுங்கு இருப்பதில்லை.

மும்மையில் வடம் விறைக்கும், ஆனால் ஒரு பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் ஒருவர். தனித்து நிற்பதன் நிலை இன்னும் மோசம். எதிர்ப்புறம் இழுக்க ஆளே இல்லை. சில சமயம் அது முழுசாக ஏதோ ஒரு துருவத்துக்குப் போய்ச் சேரும். சில சமயம் நடுவிலேயே பின்தங்கி, உட்கருவுக்கு வெளியே சிறு உருண்டையாக ஒதுங்கித் தொலையும். சில சமயம் முதல் பிரிவிலேயே அவசரப்பட்டுச் சகோதரிகளைப் பிரித்துவிட்டு, இரண்டாம் பிரிவில் பிரிப்பதற்கு எதுவும் இல்லாமல் திண்டாடும்.

இந்தத் தொலைதலை எல்லாம் விட்டுவிட்டு, மிகவும் தாராளமாகவே கணக்குப் போடலாம். 11 வகைகளும் மும்மையாகி, ஒவ்வொன்றும் ஒழுங்காக 2–1 என்று பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துருவத்துக்கு எல்லா வகையிலும் ஒன்றே ஒன்று வந்து சரியாக 11 கிடைக்கும் வாய்ப்பு, அரையை 11 முறை பெருக்கினால் வருவது: 2048-இல் 1. எல்லா வகையிலும் இரண்டு வந்து 22 கிடைக்க இன்னொரு 2048-இல் 1. இரண்டும் சேர்ந்து 1024-இல் 1. மற்றதெல்லாம் அரைகுறை: ஏறக்குறைய 77 சதவீதத்தில் 15 முதல் 18 வரை குரோமோசோம்கள் இருக்கும், சில வகை இரண்டாக, சில வகை ஒன்றாக. ஒரு வேடிக்கை: இதே 2048தான் காட்டு வாழையின் பெருமையும். 11 ஜோடிகள் தனித்தனியே பிரிவதால், குறுக்கேற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே அது 2048 விதமான இனச்செல்களை (மகரந்தம் அல்லது அண்டம் தருபவற்றை) தர முடியும். அங்கே அத்தனையும் செல்லுபடியாகும். இங்கே இரண்டே இரண்டுதான் சமநிலையில் இருக்கும்.

அரைகுறையாக இருந்தால் என்ன? எல்லா மரபணுவும் ஒரு பிரதியாவது இருக்கிறதே என்று கேட்கலாம். மரபணு இருப்பது மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று உள்ள விகிதமும் வேண்டும். ஒரு குரோமோசோமில் உள்ள ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இரட்டை அளவில் புரதம் செய்ய, அவற்றோடு சேர்ந்து இயங்க வேண்டியவை ஒற்றை அளவில் செய்தால் கூட்டு வேலை குலைகிறது. மனிதரில் 46-க்கு 47 ஆவதே, அதுவும் மரபணுக்கள் குறைந்த 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுவதே, டவுன் நோய்க்குறியை உண்டாக்கப் போதுமானது. பெரும்பாலான மற்ற குரோமோசோம்கள் ஒன்று கூடினால் கருவே நிலைப்பதில்லை. செடிகள் இதில் கொஞ்சம் தாராளம், ஆனால் ஒரே நேரத்தில் ஐந்தாறு குரோமோசோம் கூடிக்குறைவதைத் தாங்கும் அளவுக்கு இல்லை. மகரந்தத் துகள் அதே அரைகுறைத் தொகுதியை வைத்துக்கொண்டுதான் உயிர் வாழ்ந்து குழாய் விட வேண்டும். அதனால் பெரும்பாலானவை வெற்றுக் கூடாகச் சுருங்கிவிடும். தப்பிப் பிழைத்துக் கருவுற்றாலும் விதைக்குள் கருவுக்கு உணவூட்டும் கருவூண் திசு என்ற இன்னொரு தடை இருக்கிறது. தாய்ப்பக்கம் இரண்டு பங்கு, தந்தைப்பக்கம் ஒரு பங்கு என்ற விகிதம் கெட்டால் அது வளராது, கரு பட்டினி கிடந்து சாகும்.

மலடானதற்கு இவ்வளவுதான் காரணம். இனி அந்த இரண்டாவது ‘ஆகவே’.

சூல் கருவுறாவிட்டால் சாதாரணமாகக் காயே பிடிக்காது, பூ உதிர்ந்துவிடும். மா, கத்திரி, பாகல் எல்லாம் அப்படித்தான். விதை உருவாகும்போது வரும் ஹார்மோன் சைகைதான் சூலகத்தைச் சதையாக்குகிறது. வாழையில் அந்தச் சைகை இல்லாமலே சூலகம் பருக்கிறது. இதைக் கருவுறாக் கனியாதல் என்பார்கள். இது தனி மரபணுக்களின் வேலை, மும்மடியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மும்மடியம் விதையை நிறுத்தும், பழத்தைத் தராது.

இரண்டும் வெவ்வேறு என்பதற்குச் சாட்சி விதையில்லாத் தர்ப்பூசணி. தர்ப்பூசணிக்கும் 22 குரோமோசோம்கள், விதையில்லாத ரகத்துக்கு அதே 33. ஜப்பானில் மரபியலாளர் கிஹாரா உருவாக்கிய முறை இது: 22 உள்ள நாற்றின் வளர்நுனியில் 0.2 முதல் 0.4 சதவீதக் கோல்ச்சிசின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கதிர்கோல் இழைகள் உருவாகாது. நகலெடுத்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கி 44 ஆகும். (கோல்ச்சிசின் கடும் நஞ்சு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருப்பது அதேதான்.) எல்லா நாற்றும் மாறாது. இலைத்துளையின் காப்புச் செல்கள் பெரிதாகி, அவற்றில் பசுங்கணிகங்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த நான்மடியத்தைத் தாயாகவும் சாதாரணச் செடியைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தால் 22 + 11 = 33. தாய் தந்தையை மாற்றி வைத்தால் மேலே சொன்ன கருவூண் விகிதம் கவிழ்ந்து, உருப்படியான விதை கிடைப்பது அபூர்வம். இப்படி வந்த மும்மடியத் தர்ப்பூசணி மலடுதான், ஆனாலும் அதற்கு மகரந்தம் வேண்டும். மூன்று நான்கு செடிக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண ரகத்தையும் நட்டு, தேனீயும் வந்தால்தான் காய் பிடிக்கும். அந்தச் சைகைக்காக மட்டும். வாழைக்கு இந்தச் செலவு இல்லை.

எதிர்ப்பக்கத்துச் சாட்சி இன்னும் பலமானது: கன்னியாகுமரியின் மட்டிப்பழம். அது ஏஏ, இருமடியம், 22 குரோமோசோம். ஏலக்கி ஏபி, அதுவும் 22தான். இரண்டிலும் விதை கிடையாது. ஜோடி எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏன்? ஏலக்கியில் ஜோடி சேர வேண்டியவை இரண்டு வெவ்வேறு இனங்களிலிருந்து வந்தவை. உண்ணத்தக்க ஏஏ ரகங்களோ அக்யூமினாட்டாவின் வெவ்வேறு துணையினங்கள் கலந்து பிறந்தவை. அந்தத் துணையினங்களுக்கிடையே குரோமோசோம்களின் கட்டமைப்பே மாறியிருக்கிறது: ஒன்றின் துண்டு இன்னொன்றில் போய் ஒட்டியிருக்கும், அல்லது ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும். துண்டு இடம்மாறியிருந்தால் நான்கு குரோமோசோம்கள் சிலுவை போலக் கோத்துக்கொள்ளும். அவை பிரியும் விதத்தைப் பொறுத்துப் பல இனச்செல்களுக்குச் சில பகுதி இரட்டிப்பாகவும் சில பகுதி இல்லாமலும் போகும். தலைகீழான துண்டுக்குள் குறுக்கேற்றம் நடந்தால் இரண்டு சென்ட்ரோமியர் உள்ள ஒரு பாலமும், சென்ட்ரோமியரே இல்லாத ஒரு துண்டும் உருவாகலாம். பாலம் இழுபட்டு அறும், அநாதைத் துண்டு தொலையும். எண்ணிக்கை சரி, ஜோடி சரியில்லை. விளைவு அதே மலடு.

அப்படியானால் 33 வந்தது எப்படி? குன்றல் பிரிவின் இன்னொரு பிழையால். மலட்டுத்தன்மை மிக்க இந்த இருமடியங்களில் எப்போதாவது ஒரு பிரிவு நடக்காமலே போய்விடும், 22-உம் அப்படியே ஒரே இனச்செல்லில் தங்கிவிடும். எல்லாம் முழுசாக இருப்பதால் விகிதம் கெடாது, உயிர் பிழைக்கும். அதோடு ஒழுங்கான 11 சேர்ந்தால் 33. கன்று பெரிதாக, இலை தடிப்பாக, தார் கனமாக இருந்ததைப் பார்த்து யாரோ அதன் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் மறைமுகப் பிரிவு, அதாவது உடல் செல்கள் பெருகும் சாதாரணப் பிரிவு, மட்டும்தான். அதில் ஜோடியே தேவையில்லை, ஒவ்வொரு குரோமோசோமும் தன் சகோதரியை மட்டும் பிரித்துக்கொடுத்தால் போதும். 33 எத்தனை தலைமுறையானாலும் 33 ஆகவே போகும். செவ்வாழைத் தோட்டத்தில் திடீரென ஒரு மரம் பச்சைத் தார் போடுவது உண்டு. அது மறைமுகப் பிரிவின் வழியில் வந்த திடீர்மாற்றம், கலப்பு இல்லை. ரஸ்தாளியை வாடல் நோய் அடித்தால் தோட்டமே போவதும் இதனால்தான். எல்லாம் ஒரே மரம்.

புது ரகம் உண்டாக்குகிறவர்கள் அதே பிழையைத்தான் நம்பியிருக்கிறார்கள். இந்தியாவில் வாழைக் கலப்பினப் பணி 1949-இல் ஆடுதுறையில் தொடங்கியது. முறை எல்லா ஊரிலும் ஒன்றுதான். மும்மடியத்தில் சிறிதளவாவது சூல் வளம் உள்ள ரகத்தைத் தேர்ந்து, பெண் பூச் சீப்புகள் விரியும் நாட்களில் உறை போட்டு, காலையில் நோய் தாங்கும் இருமடியத்தின் மகரந்தத்தைக் கையால் தடவுவார்கள். காய் முற்றிப் பழுத்ததும் தார் முழுவதையும் பிசைந்து சல்லடையில் அலசி விதை தேடுவார்கள். கிராஸ் மிச்சேல் ரகத்தில் ஒரு தாருக்கு ஓரிரு விதைதான் கிடைத்தது. கிராண்ட் நைன் சேர்ந்த கேவண்டிஷ் வகையில் அதுவும் கிட்டத்தட்ட இல்லை. கிடைத்த விதையை மண்ணில் போட்டால் முளைப்பது அரிது. கருவைப் பிரித்தெடுத்துத் திசு வளர்ப்பில் வைத்தால்தான் தேறும். கிடைக்கும் கன்றுகளில் எடுப்பானவை பெரும்பாலும் 44 குரோமோசோம் உள்ளவை. அதாவது பிழைத்த அண்டம் குறையாத 33, அதோடு 11. ஹோண்டுராஸ் ஆராய்ச்சி மையத்தின் கோல்டுஃபிங்கர் ரகம் அப்படிப் பிறந்த ஏஏஏபி. அதன் தாய் பிரேசிலின் குட்டைப் பிராட்டா, நம் விருப்பாட்சி சேர்ந்த அதே குழு. நான்மடியத்தில் வகைக்கு நான்கு இருப்பதால் 2–2 என்று ஓரளவு ஒழுங்காகப் பிரியும், விதை வைக்கும் அபாயமும் உண்டு. அதனால் அதை மறுபடி இருமடியத்தோடு கலந்து 33-க்கே திரும்புவார்கள். மலடாக்குவதற்கென்றே ஒரு தலைமுறை.

கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சமையலுக்கு வாங்கும் வாழைப்பூ முழுக்க ஆண் பூக்கள்தான். நாம் உருவி எறியும் தலை பருத்த நரம்பு சூல்தண்டு, அதைச் சுற்றி நிற்கும் ஐந்தும் மகரந்தத் தாள்கள். விரிந்த மடலுக்கடியில் உள்ள பூவின் மகரந்தப்பையைக் கண்ணாடிச் சில்லில் கீறி, 1 சதவீத அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் கிளிசரின் சமமாகக் கலந்து ஒரு சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். உருண்டு சிவந்தவை உள்ளே சரக்குள்ளவை. நிறமில்லாமல் சுருங்கியவை வெறும் ஓடு. சாயம் ஏறியதெல்லாம் முளைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது மேல் வரம்பு மட்டும். நேந்திரனையும் ஒரு காட்டு வாழையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எண்ணாமலே தெரியும்.

குன்றல் பிரிவையே பார்க்க வாழையில் தொடங்க வேண்டாம், குரோமோசோம்கள் மிகச் சிறியவை, கைப்பழக்கம் இல்லாமல் வெறும் புள்ளிகளாகத் தெரியும். வெங்காயப் பூமொட்டுதான் சரி, 16 பெரிய குரோமோசோம்கள், 8 ஜோடிகள். காலையில் பறித்து, எத்தனால் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்து, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். பெரிய மொட்டுதான் நன்றாகத் தெரியும் என்று அதை எடுப்பதே பெரும்பாலும் நடக்கும் தவறு. மகரந்தப்பை மஞ்சளாகிவிட்டால் எல்லாம் முடிந்து மகரந்தம் மட்டும்தான் இருக்கும். கண்ணாடி போல வெளிறிய பை வேண்டும். அதை அசிட்டோகார்மைனில் நசுக்கி, இலேசாகச் சூடுகாட்டி (கொதித்தால் போயிற்று), கண்ணாடிவில்லையை நகர்த்தாமல் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். நகர்ந்தால் செல்கள் உருண்டு குரோமோசோம்கள் முறுக்கிக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் கற்பூரவல்லிப் பழத்தில் எப்போதாவது பல்லில் ‘நறுக்’கென்று ஒரு விதை கடிபடும். மும்மடியங்களில் சூல் வளம் மிச்சமிருக்கும் ரகம் அது. பக்கத்தில் எங்கோ நல்ல மகரந்தம் உள்ள ஒரு வாழை நிற்கிறது, வௌவாலோ தேனீயோ அதைக் கொண்டுவந்திருக்கிறது, வந்து சேர்ந்த சூலில் எல்லா வகையும் சமமாக அமைந்த ஓர் அண்டம் இருந்திருக்கிறது.